புதுக் கயிறு

குருசித்தப்பா என்ற பெரியவருக்கு அன்று முதல் நாள் கரண்ட். ஹூப்ளி ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சை எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். அவர் கதக்கில் மிளகாய் பஜ்ஜிக் கடை வைத்திருப்பவர். காலமெல்லாம் புகையிலை அடக்கிய கன்னத்தில் புற்று வந்து, அறுத்து எடுத்தாகிவிட்டது. உள்ளே ஒட்டியிருப்பதை எரித்துவிட வேண்டும் என்றார் டாக்டர்.

நல்லபடியாகத் தொடங்கட்டும் என்று அவர் மனைவி நீலவ்வா காலையில் குளித்ததும் அவர் கழுத்தில் லிங்கம் தொங்கும் பழைய கயிற்றை மாற்றினாள். மாற்றி முடியும்வரை அவர் லிங்கத்தை இடது உள்ளங்கையில் ஏந்தியிருந்தார், தினப் பூசையில் ஏந்துவதுபோல. புதுக் கயிறு மடத்திலிருந்து வந்தது, நல்ல கெட்டி. பிடரியில் இரட்டை முடிச்சுப் போட்டாள். பிறந்த குழந்தையாக இருந்தபோது குரு கட்டிவிட்ட லிங்கம் அது. உடம்பை விட்டு அது பிரிவது என்பது அவர்கள் வழியில் கிடையாது. குழிக்குள்ளும் கூடவே போகும்.

முன்பு, கரண்ட் கொடுக்கும்போது தலை அசையாமல் பிடிக்கும் வலைக்கு முகத்தில் அச்சு எடுத்த நாளில், உடம்பில் எதுவும் இருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவர் லிங்கம் இருக்கும் வெள்ளிச் சிமிழை மட்டும் மனைவியிடம் கொடுத்துவிட்டு, லிங்கத்தைத் துணியில் முடிந்து, கழுத்துக் கயிற்றிலேயே கட்டி ஆஸ்பத்திரி அங்கிக்குள் வயிற்றோரம் மறைத்துக்கொண்டார். நைந்த பழைய கயிறு யார் கண்ணிலும் படவில்லை. இன்றும் அப்படியே செய்தார்.

மெஷின் அறையில் ஷமீனா என்ற பெண் அவரைப் படுக்கவைத்து வலையை எடுத்தாள்.

"என் கடையில பஜ்ஜி அள்ளுற ஜாரணியைத் திருடிட்டு வந்துட்டியா தங்கச்சி?"

"ஆமாண்ணா. இன்னிக்கு உங்களத்தான் பொரிச்சு எடுக்கப்போறோம். அசையாம படுங்க."

வலை முகத்தில் அழுந்தியது. போன தடவை இல்லாத இறுக்கம். கட்டிலோடு சேர்த்து அதை மாட்ட முடியாமல் ஷமீனா திணறினாள். ஒருவழியாக மாட்டிப் படம் எடுத்துப் பார்த்தாள். பழைய படத்தோடு பொருந்தவில்லை. திரும்பி வந்து வலையைக் கழற்றி, அவர் பிடரிக்கடியில் கைவிட்டாள். முடிச்சு தட்டுப்பட்டது.

"அண்ணா, இது என்ன?"

அவர் கை அங்கிக்குள் வயிற்றோரம் போனது.

"இதக் கழட்டணும். கழுத்து தூக்கிட்டு நிக்குது. இப்படியே வச்சா கரண்ட் வேற எடத்துல பாயும்."

"அப்ப வேண்டாம்மா." அவர் எழுந்து உட்கார்ந்து கால்களைத் தொங்கப்போட்டார். "நான் ஊருக்குப் போறேன்."

ஷமீனா வெளியே போய் நீலவ்வாவைக் கூட்டி வந்தாள். விஷயம் தெரிந்ததும் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி, நானே கட்டி நானே கெடுத்தேனே! ஏங்க, கொஞ்ச நேரந்தானே? எங்கிட்ட குடுங்க, மடியில வச்சிருக்கேன்."

"லிங்கம் இல்லாத ஒடம்பு பொணம்டி. பொணத்துக்கு எதுக்கு வைத்தியம்?"

"கடையில ஒரு பஜ்ஜி கருகினா கத்துவீங்க. இப்ப பேச்சப் பாரு பேச்ச!"

ஷமீனா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வெளியே அடுத்த நோயாளிகள் காத்திருந்தார்கள். அவள் ஒரு முக்காலியை இழுத்து அவர் எதிரே உட்கார்ந்தாள். மனிதர் ஒருவரின் பயத்துக்கு முன்னால் சற்று உட்கார்ந்துவிடுவதும் தொழுகையில் ஒரு பங்குதான்.

"அண்ணா, தெரியாமத்தான் கேக்குறேன். பூசை பண்ணும்போதும் கழுத்துலயேதான் இருக்குமா?"

"அதெப்படி? எடுத்து இடது உள்ளங்கையில வைப்போம்."

"அப்ப அது ஒடம்ப விட்டுப் போனதாகாதா?"

"கையும் ஒடம்புதானேம்மா."

"அப்ப கையிலயே வச்சுக்குங்களேன். எனக்கு வேண்டியது கழுத்து மட்டுந்தான்."

ஆஸ்பத்திரியில் எதையும் கையில் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்றே அவர் நினைத்திருந்தார். யாரையும் கேட்டதில்லை. "விடுவாங்களா?" என்றார்.

"டாக்டரக் கேட்டுட்டு வரேன்."

திரும்பி வந்து, சரி என்று தலையசைத்தாள். நீலவ்வா இரட்டை முடிச்சை அவிழ்த்தாள். அவர் லிங்கத்தைத் துணியிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு படுத்தார். கை சரியாமல் இருக்க, ஷமீனா ஒரு துண்டை மடித்து முழங்கைக்குக் கீழே கொடுத்தாள். லிங்கத்தின் மேல் தன் விரல் படாமல் பார்த்துக்கொண்டாள். வலை இப்போது சுலபமாக இறங்கியது. படமும் பொருந்தியது.

கனத்த கதவு மூடியது. மெஷின் தலையைச் சுற்றி மெல்ல நகர்ந்து ரீங்கரித்தது. அவரால் லிங்கத்தைப் பார்க்க முடியவில்லை. பூசையில் கண் எடுக்காமல் பார்ப்பார். இப்போது அதன் கனம் மட்டும் தெரிந்தது. கை ஆடினால் விழுந்துவிடும். கை ஆடாதிருக்க உடம்பு முழுவதும் அடங்கியது. ஐந்தெழுத்தை மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கும் சுடவில்லை. எதுவும் வலிக்கவில்லை.

ரீங்காரம் நின்றது. ஷமீனா உள்ளே வந்தாள். வலையைத் தொடாமல் அவர் கைப்பக்கம் போய் நின்றாள்.

"முடிஞ்சதுண்ணா. மொதல்ல விரல மூடிக்கோங்க."

அவர் மூடினார். அதன் பிறகே அவள் வலையைக் கழற்றினாள்.

வராந்தாவில் நீலவ்வா புதுக் கயிற்றைக் கைக்குள் கசக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர் முகத்தில் வலையின் தடம் கட்டம் கட்டமாகப் பதிந்திருந்ததைப் பார்த்ததும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. லிங்கத்தைச் சிமிழில் வைத்துக் கயிற்றில் கோத்து அவர் கழுத்தில் கட்டப் போனாள்.

"இரட்ட முடிச்சு வேண்டாம்," என்றார் அவர். "நாளைக்கும் அவுக்கணும்ல."