எடுத்தாச்சு

விடியும் முன்பே அச்சுகள் சூடேறிவிடும். கோட்டாற்றில் கைலாசநாதன் முதலாளியின் பட்டறையில் நான்கு அழுத்துப்பொறிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். எங்கள் பொறியில் பூங்கனி கொதிக்கும் அச்சுக்குள் பித்தளைத் திருகாணியை நிமிர்த்தி வைப்பாள். சுற்றிலும் கறுத்த பேக்கலைட் பொடியைக் கொட்டுவாள். கையை வெளியே இழுத்து, "எடுத்தாச்சு" என்பாள். பிறகே நான் சக்கரத்தைச் சுற்றுவேன். மேலச்சு இறங்க, பொடி இளகிப் பித்தளையைக் கவ்வி இறுகும். வெளியே வருவது சுவிட்சுக் குமிழ்.

சக்கரத்தருகே நின்றால் அவள் கை தெரியாது. ஆறு வருஷமாக அந்தச் சொல்லை நம்பியே சுற்றினேன்.

பங்குனியில் முதலாளி ஒரு மணி கட்டினார். "கூப்பாடு வேண்டாம். மணியடிச்சா நாலு சக்கரமும் ஒண்ணாச் சுத்தணும். வேலை ஓடும்."

போன செவ்வாய்க்கிழமை பித்தளை சரிந்தது. சரிந்தபடி விட்டால் குமிழில் வெடிப்பு விழும். பூங்கனி மறுபடி கையை விட்டாள். மணி அடித்தது. நான் சுற்றினேன்.

மூன்று விரல்கள்.

ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னாள்: "நீங்க என்ன செய்வீய அண்ணே? மணியில்லா அடிச்சுது."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

இன்று அவள் இடத்தில் முட்டத்திலிருந்து வந்த கிளாரா. அச்சின் விளிம்பைத் தொட்டுப் பார்த்துக் கேட்டாள்: "இங்க இருந்த அக்கா எங்க?"

அடுத்த பொறியில் சக்கரம் சுற்றும் சிவதாணு நடந்ததையும், பழைய 'எடுத்தாச்சு'வையும் சொன்னான். பிறகு முதலாளி பக்கம் திரும்பினான்.

"இனி மணிக்குச் சுத்த மாட்டோம், மொதலாளி."

"அவ கவனமில்லாம கைய விட்டா. மணி என்னவே செய்யும்?"

"மணிக்குக் கண்ணு உண்டுமா?"

"வாய் நீளுதோ? கேட்டுக்கு வெளிய வேலைக்கு முப்பது பேரு நிக்கான். பாத்தேரா?"

பார்த்திருந்தோம். எல்லாம் பசித்த முகங்கள். எங்கள் முகங்களும் அப்படித்தான்.

மணி அடித்தது.

என் கைகள் பழக்கத்தில் சக்கரத்தைப் பற்றின. சுற்றவில்லை. மற்ற மூன்று சக்கரங்களும் அசையவில்லை. மறுபடி அடித்தது. கிளாரா இன்னும் அச்சின் மேல் குனிந்திருந்தாள்.

"எடுத்தாச்சு, அண்ணே."

சுற்றினேன். அப்பால் ஒரு குரல், "எடுத்தாச்சு." இன்னொன்று. நான்காவது.

"கேட்டைத் தொறலே!" முதலாளி வாசலை நோக்கிக் கத்தினார். தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. காலடிகள் நெருங்கின.

நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. கிளாரா அடுத்த பித்தளையைக் கையில் எடுத்தாள். சக்கரத்தைப் பிடித்தபடி, அவள் குரலுக்காகக் காத்து நின்றேன்.