நாலு நிமிடத்தில் தீர்ந்த புகார்

குடிநீர் நிறுவனத்தின் கம்ப்யூட்டர் வேலைகளில் எதை உள்ளேயே வைத்துக்கொள்வது, எதை வெளிக் கம்பெனியின் தலையில் கட்டுவது என்று முடிவு சொல்ல ஓர் ஆலோசகர் வந்து இறங்கினார். அவர் சர்வரம்மாவின் தங்கை வீட்டுக்காரர். ஊரில் இத்தனை ஆலோசகர்கள் இருக்க இந்த மாப்பிள்ளைதானா கிடைத்தார் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கல்யாணத்தன்று முறுக்கிய முறுக்கு பன்னிரண்டு வருஷமாகியும் அந்த மனிதருக்கு இறங்கவில்லை.

சர்வரம்மா என்பது அலுவலகம் வைத்த பெயர். பதினேழு வருஷமாக சர்வர் அறையும் பேக்கப்பும் அவள் பொறுப்பு. செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு காரியம் செய்வாள். ஏதாவது ஒரு ஃபைலைத் தேர்ந்தெடுத்து, அது தொலைந்தே போய்விட்டதாக வைத்துக்கொண்டு, பேக்கப்பிலிருந்து எடுத்துப் பார்ப்பாள். முழுதாக வந்தால் நோட்டில் அதன் பெயரை எழுதி ஒரு டிக். யாரும் செய்யச் சொன்னதில்லை. செய்கிறாள் என்று யாருக்கும் தெரியாது.

மாப்பிள்ளை கண்ணாடி அறையில் ஆறு வாரம் உட்கார்ந்தார். சுவர் முழுக்க மஞ்சளும் பச்சையுமாகக் காகிதத் துண்டுகள். ஒன்று உதிர்ந்து விழுந்தால் கைக்கு எட்டிய இடத்தில் ஒட்டிவிடுவார், அதனால் எதுவும் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை. சர்வர் அறைப் பக்கம் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. அங்கே குளிராம். எண்பது பக்கத்துக்கு 'சோர்சிங் உத்தி' என்று ஒன்றை எழுதினார். படமும் அம்புக்குறியும் போக மிஞ்சியது ஒரே ஒரு கணக்கு: எந்த வேலைக்கு வருஷத்தில் எத்தனை புகார் பதிவானது, எத்தனை தீர்ந்தது. கம்ப்யூட்டர் புகார்களை வாங்கும் உதவி மையத்தை ஏற்கெனவே ஒரு வெளிக் கம்பெனிதான் நடத்துகிறது. அதற்கு நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு புகார், கிட்டத்தட்ட எல்லாம் தீர்ந்தவை. சர்வரம்மாவுக்கு மூன்று.

"மூணு புகாருக்கு ஒரு முழு ஆள் எதுக்குன்னு போர்டுல கேப்பாங்க அண்ணி. நான் சொல்லல, நம்பர் சொல்லுது."

"எதுவும் கெட்டுப்போகலன்னா புகார் எங்கிருந்து வரும் மாப்பிள?"

"அதெல்லாம் உணர்ச்சி. இதுல உணர்ச்சிக்குக் கட்டமே இல்ல."

மூளைக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கலாம் என்று சொல்ல வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். தங்கை அதற்கு முந்தின வாரம்தான் போன் செய்திருந்தாள்.

"அக்கா, அவர் வேலையில குறுக்க நிக்காத. இது நல்லபடியா முடிஞ்சாதான் அவங்க கம்பெனியில அவரைப் பார்ட்னர் ஆக்குவாங்க."

"என் வேலை போகுதுடி."

"உனக்கென்ன, நீ எங்க போனாலும் பொழச்சுக்குவ."

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது, கல்லூரியில் மகள், கட்டிலில் மாமனார். இதில் எங்கே போய்ப் பிழைப்பது என்று தங்கை சொல்லவில்லை.

போர்டு கூட்டம் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு. பத்து மணிக்கு சர்வர் அறைக் கதவு திறந்தது. மாப்பிள்ளை. அந்தக் குளிரிலும் வேர்த்து வழிந்தார். பழைய வரைவுகளை ஒழிக்கிறேன் பேர்வழி என்று உத்தி இருந்த ஃபோல்டரையே அழித்துவிட்டார். சுத்தக்காரர் அல்லவா, குப்பைத்தொட்டியையும் கையோடு காலி செய்திருந்தார்.

"எப்படியாவது எடுத்துக் குடுங்க அண்ணி."

"புகார் பதிவு பண்ணுங்க. புகார் எண் இல்லாம யாரும் எந்த வேலையும் தொடக்கூடாதுன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க."

நின்றபடியே போனில் பதிவு செய்தார். நாலாவது நிமிடம் பதில் வந்தது. 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு நட்சத்திரம் வழங்கவும்.' ஃபோல்டர் துடைத்து வைத்தபடி கிடந்தது. மறுபடி பதிவு செய்தார். மூன்று நிமிடத்தில் அதுவும் தீர்ந்தது.

"என்ன அண்ணி இது?"

"புகாரைச் சீக்கிரம் மூடலன்னா அந்தக் கம்பெனிக்கு அபராதம். அதனால மூடிருவாங்க. கெட்டது கெட்டபடியே இருக்கும், நாங்க திரும்பப் பதிவு பண்ணுவோம். உங்க நாலாயிரம் அப்படி வந்ததுதான்."

அதற்குள் ஃபைல் அவள் திரையில் இருந்தது, எண்பது பக்கமும் சேதாரமில்லாமல். போர்டு இனி மூன்று மாதம் கழித்துத்தான் கூடும். கிடைக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதுவரை வேலை நிலைக்கும். அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். கைக்குட்டையைப் பிழிந்துகொண்டு நின்றார். இருக்கிற ஃபைலை இல்லை என்று அவள் இதுவரை சொன்னதில்லை. முதல் பொய்யை இந்த ஆளுக்காகவா சொல்வது? அதற்கு இவர் லாயக்கில்லை.

"எடுத்துக்குங்க. இந்த ரெண்டு புகாரையும் மறக்காம உங்க கணக்குல சேருங்க மாப்பிள."

இப்போதாவது உறைக்கும் என்றுதான் சொன்னாள்.

மூன்று மணிக்கு, போர்டு உத்தியை ஏற்றுக்கொண்டதாக எல்லோருக்கும் மெயில் வந்தது. பேக்கப் வேலையும் உதவி மையத்தை நடத்தும் அதே கம்பெனிக்குப் போகிறது. அவளுக்கு இரண்டு மாத நோட்டீஸ். மெயிலோடு வந்த உத்தியில் அவள் நேராகக் கணக்குப் பக்கத்தைத் திறந்தாள். உதவி மையத்துக்கு நேரே நாலாயிரத்து நூற்றுப் பதினாலு என்று திருத்தியிருந்தது. கீழே ஒரு குறிப்பு: 'இன்று காலை பதிவான இரண்டு அவசரப் புகார்களும் நான்கு நிமிடத்துக்குள் தீர்க்கப்பட்டன.' அவளுக்கு அதே மூன்று. மாப்பிள்ளை அவளிடம் நடந்து வந்துதானே கேட்டார், அதற்குப் புகார் எண் ஏது.

சாயங்காலம் வாசலோடு நின்று தலையை மட்டும் நீட்டினார்.

"மனசுல வச்சுக்காதீங்க அண்ணி. அந்தக் கம்பெனியிலயே உங்களுக்கு ஒரு எடம் கேட்டுப் பாக்கறேன்."

"கேளுங்க. அதையும் புகாராப் பதிவு பண்ணிருங்க, நாலு நிமிஷத்துல தீர்த்துருவாங்க."

அவர் சிரித்துவிட்டுப் போனார். சத்தியமாகப் புரிந்திருக்காது. சர்வரம்மா கதவைச் சாத்திவிட்டு நோட்டை எடுத்தாள். செவ்வாய்க்கிழமை. அன்றைய ஃபைலுக்கான வரியில் 'சோர்சிங் உத்தி' என்று எழுதி, பக்கத்தில் டிக் போட்டாள்.