கரடி எங்கே இறக்கிவைக்கும்

1

இந்தக் கதை என் இடுப்பு வலியில் தொடங்கியது. வலப்பக்கம், கொஞ்சம் கீழே. கிடங்கில் சிமெண்ட் மூட்டைகளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்காரும்போது என் வாயிலிருந்து ஒரு சத்தம் வரும்: "ஹ்ம்ம்ப்பா." என் அப்பாவும் சுமைதூக்கிதான். அவரும் இப்படித்தான் உட்காருவார்.

பகலில் மூட்டை, சாயங்காலம் கதை எழுதுவது என்று என் பிழைப்பு ஓடுகிறது. சில கதைகள் அச்சிலும் வந்திருக்கின்றன. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இனி வரப்போகும் பொறாமை எவ்வளவு கேவலமானது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

பொறாமை ஒரு மேடைக் கலைஞர் மேல். என் நாலு வயது மகள் போகும் பாலர் பள்ளிக்கு, இடுப்பில் சின்ன மேளத்தைக் கட்டிக்கொண்டு வருகிறாள். பாட்டு, ஆட்டம், கதை, இவற்றை வைத்தே பிள்ளைகளுக்கு எல்லாம் சொல்லித்தருகிறாள். பிள்ளைகள் வைத்த பெயர் டும்டும் அக்கா. ('வருகிறார்' என்றுதான் எழுத வேண்டும். வயிற்றெரிச்சல் அடங்கட்டும், மாற்றுகிறேன்.)

2

இந்தக் கதைக்கு எழுதிய முதல் தொடக்கம்: 'அந்தப் பெண்ணுக்குக் குரல் சுமார்தான்.' பொய். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: 'பிள்ளைகள் போனதும் அவள் சிரிப்பைக் கழற்றிவைத்துவிட்டுக் கைப்பையிலிருந்து' — எதை எடுக்கிறாள்? எதைக் கையில் கொடுத்தாலும் கீழே போட்டுவிட்டு மேளத்தைத் தட்டுகிறாள். கெட்டவளாக வர மாட்டேன் என்கிறாள். விட்டுவிட்டேன்.

நடந்ததையே எழுதுகிறேன். ஒரு சாயங்காலம் மகளை மடியில் வைத்துக்கொண்டு, "ஒரு காட்டுல ஒரு நரி" என்று ஆரம்பித்தேன்.

"நரி எப்படி நடக்கும்?"

"நாலு காலால நடக்கும்."

"எந்திரிச்சு நடந்து காட்டுப்பா. டும்டும் அக்கா காட்டுவாங்க."

"அப்பாவுக்கு முதுகு வலிக்குதுடா."

"அப்ப நரிக்கும் முதுகு வலியா?"

அடுப்படியில் அவள் அம்மா சிரித்தது எனக்குக் கேட்டது. மகள் மடியிலிருந்து இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு என்னிடம் கதை கேட்பதை நிறுத்திவிட்டாள்.*

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் மறுபடி மடியில் ஏறி, "கதை சொல்லுப்பா" என்று கேட்க வேண்டும்.

* பொம்மைக்கு அவளே சொல்கிறாள். அந்த அக்கா மூச்சு விடும் இடத்தில் இவளும் மூச்சு விட்டு.

3

கேட்டாள். ஒரே ஒரு தடவை.

"அப்பா, கரடி மூட்டைய எங்க இறக்கி வைக்கும்?"

"எந்தக் கரடி?"

"டும்டும் அக்கா கதைல வர்ற கரடி."

"அப்ப அவங்ககிட்டயே போய்க் கேளு."

 பொம்மையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

"ஏங்க, புள்ள உங்ககிட்டதான கேட்டுச்சு?" என்றாள் மனைவி.

"அவங்க கதைக்கு நான் எதுக்கு வால் ஒட்டணும்?"

"நல்லாருக்கு. பாட்டு சொல்லித்தர வர்றவங்களோட உங்களுக்குச் சக்களத்திச் சண்டை."

4

ஒருநாள் லாரி வரவில்லை. மகளைக் கூட்டிவர நானே போனேன். அங்கே நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வரலாம் என்றும் ஓர் எண்ணம். கேட்க என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை.

சன்னல் வழியாகப் பார்த்தேன். பாயில் வெறுங்காலோடு வட்டமாகப் பிள்ளைகள். மேளம் ஒரு தட்டு. எல்லாரும் மூட்டை சுமப்பதுபோல் குனிந்தார்கள், இரண்டு கையும் பிடரிக்குப் பின்னால். அத்தனை வாயிலிருந்தும் ஒரே சத்தம்:

"ஹ்ம்ம்ப்பா."

என் சத்தம். நடுவில் என் மகள், எல்லாரையும் விட உரக்க.

[இந்த இடத்தில் என் கண் கலங்கியதாக எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். கலங்கவில்லை. எரிந்தது. இந்த வலியோடு இத்தனை காலம் உட்கார்ந்து எழுதுகிறேன், ஒரு வரியில்கூட அது வந்ததில்லை. இந்த டும்டும் அக்கா ஒரே காலைப்பொழுதில் அதைத் தாளமாக்கிவிட்டாள்.]

அவள் என்னைப் பார்த்துவிட்டுச் சன்னலுக்கு வந்தாள்.

"நீங்கதான் கரடியா? வாங்க, வாங்க."

பிறகு விளக்கினாள். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு சத்தம் கொண்டுவர வேண்டும். அதை வைத்து எல்லாரும் சேர்ந்து கதை கட்டுவார்கள். முடிவு மட்டும் சத்தம் வந்த வீட்டிலிருந்தே வர வேண்டும்.

"குக்கர் விசில் கதை முடிஞ்சிருச்சு. தையல் மிஷின் கதையும் முடிஞ்சிருச்சு. கரடிதான் இன்னும் மூட்டைய இறக்கல."

"நீங்களே ஏதாவது சொல்லி முடிச்சிருக்கலாமே?"

"முடிச்சுப் பாத்தேன். உங்க பொண்ணு ஒத்துக்கல. 'எங்கப்பா கதை எழுதுறவரு, அவரு யோசிச்சுட்டு இருக்காரு, அவசரப்படுத்தக் கூடாது'ன்னுட்டா."

நான் யோசிக்கவில்லை. அது எனக்கும் தெரியும், என் மகளுக்கும் தெரியும்.

டும்டும் அக்காவுக்குப் பின்னால் பிள்ளைகள் இன்னும் குனிந்தபடியே இருந்தார்கள்.

"அக்கா, இறக்கலாமா?"

"முடிவு இன்னும் வரல கண்ணுகளா. அப்படியே மெதுவா நடங்க."

என் மகள் என்னைப் பார்த்தாள். நான் மேளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

5

முடிவுகள்:

கரடி ஆற்றங்கரையில் இறக்குகிறது. ஆற்றங்கரையில் யாருக்கு வேண்டும் சிமெண்ட்?

டும்டும் அக்காவுக்குக் கால் சுளுக்கி, அவள் இனிமேல் பள்ளிக்கு — இது வயிற்றெரிச்சல் எழுதியது. அழிக்காமல் விடுகிறேன், கிடக்கட்டும்.

கரடி கடைசிவரை இறக்கவே இல்லை, என் அப்பாவைப் போல. இது உண்மை. நாலு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

கரடி வீட்டுக்கு வருகிறது, நாற்காலியில் உட்காருகிறது, அதன் மடியில்

இதற்கு மேல் கை ஓடவில்லை.

உங்களிடம் ஒரு முடிவு இருக்கலாம். என்னைவிட நன்றாகவே இருக்கலாம். வேண்டாம். சத்தம் வந்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும் என்பது விதி. விதியைப் போட்டது அவள். (இன்னும் 'அவர்' வரவில்லை, பாருங்கள்.)

நாளைக் காலை மேளம் தட்டும். பிள்ளைகள் குனிவார்கள், என் மகளும்தான். கேட்பவர்களிடம், அப்பா யோசிக்கிறார் என்பாள்.

அவளுக்கு நான் ஒரு முடிவு தர வேண்டும். இன்னும் தரவில்லை.