இராசமலரின் மோட்டார் சைக்கிளில் போல்ட்டுகள் கழன்றுகொண்டே இருந்தன

1

இந்தக் கதை எனக்குப் புலம்பெயர்ந்த தமிழர்கள் வாழும் மனுரேவாவில், ஒரு வீட்டுத் துணி துவைக்கும் அறையில் கிடைத்தது. கறிவேப்பிலை கேட்கப் போயிருந்தேன். சோப்புத்தூள் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா நிறைய போல்ட்டுகள். "இதென்ன?" என்றேன். "மோட்டச்சைக்கிள்ளயிருந்து விழுந்ததுகள்" என்றாள் அந்த வீட்டுப் பெண், வானொலியில் மழை என்று சொல்வதுபோல. அவ்வளவுதான். அவள் பெயர் வேறு. அவள் கணவன் வேறு. டப்பா மட்டும் அதேதான். மிச்சமெல்லாம் என் வேலை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

போரில் சிதறிப்போன ஒரு வாழ்வைப் போலவே அந்த மோட்டார் சைக்கிளும் தன்னைப் பிணைத்திருந்த ஒவ்வொன்றையும் மெல்ல மெல்ல இழந்து —

இல்லை. இதற்கு மேல் எழுதக் கை கூசியது. மூட்டை தூக்கிப் பிழைத்த வீட்டில் வளர்ந்தவன் நான். அங்கே மூட்டைக்கு உள்ளர்த்தம் கிடையாது, எடை மட்டும்தான். போல்ட்டும் அப்படித்தான். அது அகதி வாழ்க்கை இல்லை, உடைந்த மனது இல்லை. பிடிக்க வேண்டும், பிடிக்கவில்லை. அதுதான் பிரச்சினை. வேறு எதையாவது தேடுகிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

இராசமலருக்கு முப்பத்தாறு வயது. கோழி வெட்டிப் பொதி செய்கிற தொழிற்சாலையில், குளிர் அறையில், நின்றபடியே வேலை. கணவன் சற்குணம் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். 1997இல் அவர்கள் வீட்டு கராஜில் கார் நிற்கவில்லை. கார் வெளியே மழையில் நனைந்தது. உள்ளே நின்றது உயரமான, விளக்கில்லாத, காட்டிலும் சேற்றிலும் மட்டும் ஓட்டுகிற பழைய மோட்டார் சைக்கிள். அது அவளுடையது.

(இந்த இடத்தில் கிளென்ஃபீல்டிலிருந்து ஆனந்தவல்லி போன் செய்தாள். நான் எழுதுவதை முதலில் படிப்பவள் அவள்தான். "இப்படி ஒரு பொம்பளை இருப்பாளா? நம்பவே முடியல. ஒரு காரணம் வைங்க. செத்துப்போன அண்ணன் ஓட்டினது, அவன் ஞாபகமா இவ ஓட்டுறாள்னு வைங்க" என்றாள். வைத்துப் பார்த்தேன். ஒரு பத்தி முழுக்க அந்த அண்ணன் வாழ்ந்தான், பிறகு செத்தான். படித்துப் பார்த்துவிட்டு அவனைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். சற்குணம் லீவு நாளில் தூண்டில் போட்டு மீன் பிடிக்கப் போகிறான், பிடிக்கும் என்பதால்தான்; அதற்கு யாரைச் சாகடிக்கச் சொன்னீர்கள்? அவளுக்கு ஓட்டப் பிடிக்கும். காரணம் முடிந்தது.)

பைன் காட்டுக்குள் ஒரு கிளப் போட்டி நடத்தும். மேடு, பள்ளம், வேர், களிமண். இரண்டு மணி நேரம் விடாமல் ஓட்டி முடிக்க வேண்டும். இராசமலர் மூன்று தடவை போனாள், மூன்று தடவையும் முடிக்கவில்லை. முதல் தடவை கால் வைக்கிற கட்டை கழன்றது. இரண்டாம் தடவை புகைக்குழாய் தொங்கியது. மூன்றாம் தடவை பின்சக்கரத்துப் பல்சக்கரத்தின் போல்ட் ஒன்று தெறித்து, பின்னால் வந்தவனின் மார்புக் கவசத்தில் பட்டது. காயம் இல்லை. ஆனால் கிளப் பரிசோதகர், சிவந்த கழுத்துக்காரர், சொல்லிவிட்டார்: "இன்னொரு தரம் உன் வண்டியிலிருந்து ஏதாவது விழுந்தால், வண்டியை இந்தப் பக்கம் கொண்டுவராதே."

அவளுக்கு வெற்றியெல்லாம் வேண்டாம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கடைசிக் கொடியைத் தாண்ட வேண்டும். அந்தப் பருவத்தில் வரும் ஞாயிற்றுக்கிழமைப் போட்டி ஒன்றுதான் மிச்சம்.

3

சனிக்கிழமை காலை. கராஜ் கதவு பாதி திறந்திருக்கிறது. இராசமலர் ஒரு போல்ட்டைக் கழற்றி, துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, அதன்மேல் போல்ட் கழலாமல் பிடிக்கிற நீலப் பசையைத் தடவி, திரும்பப் பூட்டி, ஸ்பானரில் உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு இறுக்கினாள். நான்கு மாதமாக இப்படித்தான் செய்கிறாள். இதைவிடக் கவனமாக யாரும் செய்ய முடியாது.

அப்போது கோதண்டராமன் வந்தார். சற்குணத்தோடு கோயில் மண்டபத்துக்கு நாற்காலி அடுக்கப் போகிறவர், சென்னைக்காரர், கம்ப்யூட்டர் வேலை.

(முதல் பிரதியில் அவரை நிதானமான, கருணையுள்ள ஒருவராக எழுதினேன். பொய். அவர் ஷாம்பு பாட்டிலின் பின்பக்கத்தையும் சத்தமாக வாசிக்கிற ஆள்.)

"என்னங்க, எண்ணெயா விடுறீங்க?"

"ஓம். ஏன்?"

"அதுக்கு மேல பசையா?"

"பசை பிடிக்கிறதுக்கு. எண்ணெய் துருப்பிடியாமல் இருக்க."

அவர் பசைக் குழாயை எடுத்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், வாசித்தார். "எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத மரையில மட்டும்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். எண்ணெய் இருந்தா இது பசை இல்லீங்க, பாயசம்."

நாற்காலி அடுக்கப் புறப்பட்டுக் கதவோரம் வந்து நின்ற சற்குணம் சிரித்தான். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்கள் என்னத்துக்கு இளிக்கிறியள்?"

"இல்லையப்பா... போன கிழமை நீர் எண்ணெய் விட மறந்திட்டீராக்கும் எண்டு நானும் எல்லாத்துக்கும் கொஞ்சம் விட்டனான்."

"நானும் விட்டனான்!"

"அதுக்கு முந்தின கிழமையும் விட்டனான்" என்றான் சற்குணம், மெதுவாக.

கோதண்டராமனுக்குத் தலையும் வாலும் புரியவில்லை. "ரெண்டு பேரும் ஏங்க இப்படி எண்ணெய்க் குளியல் நடத்துறீங்க?"

ஏன் என்றால்*

* போர்க்காலப் பொருள் தடையால் யாழ்ப்பாணத்துக்குள் ஒரு ஆணிகூட வராத காலத்தில் இவர்கள் இருவரும் அங்கே இருந்தார்கள். பெட்ரோல் இல்லை, மண்ணெண்ணெயில் வண்டி ஓடியது. துருப்பிடித்த போல்ட் உடைந்தால் அடுத்தது கிடையாது. அதனால் கழற்றுகிற ஒவ்வொரு போல்ட்டுக்கும் எண்ணெய் விட்டுத்தான் திரும்பப் பூட்டுவார்கள். ஊர் முழுக்க அப்படித்தான். இதை அடிக்குறிப்பில் போட்டேன், ஏனென்றால் கதைக்குள் வைத்தால் நீங்கள் கண்ணைக் கசக்குவீர்கள். அவள் கசக்கவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"அங்க அது சரி அண்ணை" என்றாள். "அதில ஒரு பிழையும் இல்லை."

"நான் பிழைன்னு சொல்லலீங்க. இங்க பக்கத்துல பாபகூராவுல கடை நிறைய போல்ட் இருக்கு. உடைஞ்சா உடையட்டுமே."

"கழலாமல் பிடிச்சால் பிறகு எப்பிடிக் கழட்டுறது?"

"சூடு காட்டினா கழண்டுடும். முதல்ல நிக்கட்டும், அப்புறம் கழட்டலாம்."

அவள் ஸ்பானரைக் கீழே போட்டாள், போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டது. பிறகு எடுத்தாள். காலையிலிருந்து பூட்டியவற்றையும், அதற்கு முன்னால் பூட்டியவற்றையும், ஒன்று விடாமல் திரும்பக் கழற்றத் தொடங்கினாள்.

"நாற்காலியை வேற ஆரும் அடுக்கட்டும்" என்றான் சற்குணம். "நான் நிக்கிறன்."

"நில்லுங்கோ. எண்ணெயைத் தொட்டால் கை முறியும்."

ஸ்பிரிட்டும் பழைய பல் தூரிகையும் கொண்டு ஒவ்வொரு மரையையும் சற்குணம் கழுவினான். அவள் ஊதி, காயவைத்து, பசை தடவி, இறுக்கினாள். கோதண்டராமன் போகவில்லை. "ஒரு நாள் முழுக்க அசைக்கக் கூடாதாம்" என்று குழாயிலிருந்து இன்னொரு வரி வாசித்தார். "நீங்கள் அதை அங்க வச்சிட்டு ஒரு தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்றாள் இராசமலர்.

5

நான்காம் பகுதி இல்லை. அதில் கோதண்டராமனுக்கு ஒரு மூக்குடைப்பு எழுதியிருந்தேன். கை அழுக்காகாத ஆளைக் கை அழுக்கானவள் மடக்குவது எனக்கு எழுதச் சுகமாக இருக்கும். ஆனால் அவர் சொன்னது சரி. சரியாகச் சொன்னவனை எரிச்சலோடு ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். அவளும் அப்படித்தான் ஒத்துக்கொண்டாள்.

ஞாயிறு. காடு ஈரம். பரிசோதகர் வண்டியைப் பிடித்துக் கழுதையை உலுக்குவதுபோல் உலுக்கினார். ஒன்றும் ஆடவில்லை. "இன்றைக்கு?" என்றார். "விழாது" என்றாள்.

கிளம்பினார்கள். முதல் சுற்றிலேயே களி தலைக்கவசக் கண்ணாடியை மூடியது. வேர்களில் பின்சக்கரம் வழுக்கியது. இரண்டு முறை விழுந்தாள், இரண்டு முறையும் வண்டியைத் தூக்கினாள். (குளிர் அறையில் நாள் முழுக்கப் பெட்டி தூக்குகிற முதுகு அது.) பின்னால் வந்த ஒருத்தன், "ஓரம் போ, பாட்டி!" என்று ஆங்கிலத்தில் கத்திக்கொண்டு போனான். "உன்ர கொம்மாவைக் கேள்" என்று தமிழில் கத்தினாள். காட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கடைசிச் சுற்று. கடைசி மேட்டுக்கு முன்னால் வலது பாதத்தில் ஒரு அதிர்வு. புதியது. இவ்வளவு நேரம் இல்லாதது.

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் வந்தன.

அவள் நிற்காமல் ஓட்டிக் கொடியைத் தாண்டுகிறாள், எல்லோரும் கை தட்ட —

வேண்டாம். இது கல்யாண வீடியோ.

அவள் நிற்காமல் ஓட்ட, போல்ட் தெறித்து, பின்னால் வந்த —

எழுதினேன், கிழித்தேன். கழன்றதைப் பின்னால் வருகிறவன்மேல் எறிந்துவிட்டுப் போகிறவளாக அவளை நான் ஆக்க மாட்டேன்.

மூன்றாவது: அவள் நிறுத்துகிறாள்.

நிறுத்தினாள். தடத்தை விட்டு ஓரத்துக்கு இறங்கி, எஞ்சினை அணைக்காமல், கையுறையைப் பல்லால் கழற்றினாள். எஞ்சினைச் சட்டத்தோடு பிடிக்கிற போல்ட்டுகளை விரலால் நெம்பிப் பார்த்தாள். முன்னால் இருந்தது இறுக்கம். மேலே இருந்தவை இறுக்கம். கால் கட்டையும் இறுக்கம். இன்னும் ஒன்று பாக்கி, எஞ்சினுக்கு அடியில், களி அப்பிய இடத்தில். நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருக்கிறது. வண்டிகள் அவளைத் தாண்டிப் போகின்றன.

அந்தக் கடைசிப் போல்ட்டை நான் தொட மாட்டேன். நீங்கள் தொடுங்கள். களியை வழித்துவிட்டுக் கையை உள்ளே விடுங்கள். சூடாகத்தான் இருக்கும், கொப்புளம் வந்தால் என்னிடம் வராதீர்கள். இறுக்கமாக இருந்தால் அதிர்வு வேறு எங்கிருந்தோ, ஏறி ஓட்டுவாள். தளர்ந்திருந்தால் இறுக்குவாள், பிறகு ஏறி ஓட்டுவாள். எதையும் விரலில் பட்ட பிறகு சொல்லுங்கள், ஊகித்துச் சொல்லாதீர்கள். சீக்கிரம். அவள் காத்துக்கொண்டிருக்கிறாள், எஞ்சின் ஓடுகிறது.