முகம் தெரிய வேணும்

வேட்டி நழுவிக்கொண்டே இருந்தது. பிண அறையின் குளிரில் கிடந்த உடம்பு விறைத்திருந்தது. யாராவது தூக்கிப் பிடித்தால்தான் இடுப்பில் சுற்ற முடியும். உடையப்பன் முதுகுக்குக் கீழே இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கினான். அரியரத்தினம் தன் அண்ணனுக்கு வேட்டி கட்டிவிட்டான்.

"மெதுவாண்ணே. அவசரமில்ல," என்றான் உடையப்பன்.

ருவைஸ் சுத்திகரிப்பு ஆலையில் உடையப்பனுக்கு வேன் ஓட்டும் வேலை. சொந்த ஊர் காரைக்குடிப் பக்கம். அதே ஆலையின் ஸ்டோரில் எழுத்தராக இருந்த அரியரத்தினத்துக்காக லீவு போட்டு, பெட்டியைத் துபாய்ச் சுடலை வரைக்கும் கொண்டுவந்திருந்தான். வழியில் ஒரு தடவை கேட்டான்: "எங்க இந்திய ராணுவந்தான் உங்க ஊர்ல நிக்குதே, அவங்ககிட்ட சொன்னா புடிச்சிட்டுப் போன உங்கண்ணன் மருமகனத் தேடிக் குடுக்க மாட்டாங்களா?" அரியரத்தினம் கண்ணாடிக்கு வெளியே மணலைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

அண்ணன் நவரத்தினம் யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர். பாராளுமன்றத் தேர்தல் நடந்து பத்து வருடத்துக்கு மேலாகியிருந்தது. மாசியில் நடக்கும் என்று அறிவித்ததும், ஒரு சுயேச்சைப் பட்டியலில் கையெழுத்துப் போட்டார். "சனம் ஒருக்காலாவது தன்ர வாயால ஒண்டைச் சொல்லட்டும்," என்று அவர் சொன்னதாகப் பிறகு கேள்வி. பொங்கலுக்கு முன்பே, பட்டியலில் அவர் பெயருக்கு மேலே இருந்தவரை, தேர்தலை மறித்த இயக்கக்காரர் வீட்டுக் கேற்றடியில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். பெயரை விலக்கிக்கொள்ளும் கடைசி நாள் அதற்குள் கடந்துவிட்டிருந்தது. அரியரத்தினம் கெஞ்சிக் கூத்தாடி விசிட் விசா எடுத்து அண்ணனை வரவழைத்தான்.

வந்த மறுநாளே பக்கத்துத் தொழிலாளர் காம்பிலிருந்து ஏரம்பு வந்தான். அவனும் அதே ஊர்தான். கதிரையில் உட்காராமல் நின்றபடியே, "அண்ணர் எப்ப திரும்பிப் போறார்?" என்று கேட்டான். அண்ணன் வந்ததை அரியரத்தினம் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த கிழமை செய்தி வந்தது. நவரத்தினத்தின் மகளுடைய புருஷனை, சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னாலிருந்து எழுப்பிக் கொண்டுபோயிருந்தார்கள். மாமன் வந்தால் விடுவார்களாம்.

அண்ணன் டிக்கெட் போடச் சொன்னார். அரியரத்தினம் கத்தினான், அழுதான், பாஸ்போர்ட்டைக்கூட ஒளித்துப் பார்த்தான்.

"அவன் ஒரு கையெழுத்தும் போடேல்லையடா, தம்பி," என்றார் அண்ணன்.

அதற்கு மேல் மறிக்க முடியவில்லை. புறப்படும் நாள் காலையில் சூட்கேசின் மேல் அமர்ந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர், "ஒருக்காப் பொறு," என்று நெஞ்சைப் பிடித்தார். டாக்டர் வரும்வரைக்கும் அவர் பொறுக்கவில்லை.

புருஷனைக் கூட்டிப்போகக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் காத்திருந்தாள் அண்ணனின் மனைவி, மச்சாள் சிவகொழுந்து. அரியரத்தினம் ட்ரங்கோல் எடுத்துச் சொன்னான். மறுமுனையில் அழுகை கேட்கவில்லை.

"இஞ்ச கொண்டுவர வேண்டாம், தம்பி. தூக்க ஒருத்தரும் வரமாட்டினம்." பிறகு, "இவர் போனது மருமோனை வைச்சிருக்கிறவைக்கு எப்பிடித் தெரியப்போகுது?" என்றாள்.

வேட்டியை இறுக்கி முடிந்து அரியரத்தினம் நிமிர்ந்தபோது, சுடலை வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. ஏரம்பு இறங்கினான். ஒரு கையில் பூமாலை. தோளில் கமெரா.

மாலையைப் போட்டுக் கும்பிட்டான். பிறகு அரியரத்தினத்தின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "அங்க நம்புறாங்கள் இல்லை, அரியம். ஆளை ஒளிச்சுவைச்சுக்கொண்டு செத்தவர் எண்டு சொல்லுறியளாம்."

"ஆர் சொல்லுறது?"

ஏரம்பு கமெராவின் உறையைக் கழற்றினான். "படம் ஒண்டு போனா மருமோனுக்கு நல்லம்."

"விடுவினமோ?"

"அனுப்பிப் பாப்பம்." உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "எனக்கும் அங்க வீட்டில ஆக்கள் இருக்கினம்."

உடையப்பனுக்கு இதெல்லாம் கேட்கவில்லை. கமெராவைப் பார்த்ததும், "எடுக்கட்டும்ணே, அண்ணி முகத்தப் பாக்க வேணாமா?" என்றான்.

அரியரத்தினம் தலையாட்டினான்.

"அந்த நாடிக்கட்டை அவிழுங்கோ," என்றான் ஏரம்பு. " முகம் வடிவாத் தெரிய வேணும்."

நாடியைச் சுற்றிக் கட்டியிருந்த துணியை அவிழ்த்தான். அண்ணனின் வாய், ஏதோ கேட்கப்போவதுபோல, இலேசாகத் திறந்திருந்தது. மூக்கிலிருந்த பஞ்சையும் எடுத்தான். முகம் மறுபக்கம் சாய்ந்திருந்தது. கன்னத்தில் கைவைத்துத் திருப்பினான், திரும்பவில்லை. உடையப்பன் தோளைப் பிடித்துக் கொடுக்க, உடம்போடு சேர்த்துத் திருப்பினான்.

ஏரம்பு மாலையை ஒருபக்கம் ஒதுக்கி, அன்றைய ஆங்கிலப் பேப்பரை விரித்து நெஞ்சின்மேல் வைத்தான். திகதி இருந்த மூலையை விரலால் நீவிவிட்டான்.

"இதெதுக்குங்க?" என்றான் உடையப்பன்.

அரியரத்தினம் விலகி நின்றான்.

"விலகாதையுங்கோ. நீங்களும் பக்கத்தில நில்லுங்கோ."

"நான் ஏன்?"

"ஆர் ஒளிச்சு வைச்சிருந்ததெண்டும் அவையள் கேட்டவை."

உடையப்பன் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, அடுக்கியிருந்த விறகுப் பக்கம் நகர்ந்தான். அரியரத்தினம் அண்ணனின் தலைமாட்டில் போய் நின்றான். வெயில் நேராக முகத்தில் அடித்தது.

"கண்ணை மூடாதையுங்கோ," என்றான் ஏரம்பு.

ஒருமுறை எடுத்தான். தள்ளி நின்று இன்னொன்று. பிறகு ஃபிலிம் ரோலைச் சுற்றி எடுத்து மேல்பொக்கற்றில் போட்டுப் பொத்தானைப் பூட்டினான். "கொள்ளி முடியுமட்டும் நிக்கேலாது. டியூட்டி கிடக்கு," என்று சொல்லிவிட்டு டாக்ஸியை நோக்கி நடந்தான்.

அரியரத்தினம் பேப்பரை எடுக்கப்போனான். அது ஒட்டிக்கொண்டிருந்தது. உடம்பின் குளிர் இறங்கத் தொடங்கி, நெஞ்சு வியர்த்ததுபோல் நனைந்திருந்தது. கிழியாமல், ஓரத்திலிருந்து மெல்ல உரித்தான். தோலில் கறுப்பாக இரண்டு வரி எழுத்துகள், இடம்வலம் மாறி, பதிந்துபோயிருந்தன. சால்வை நுனியால் துடைத்தான். போகவில்லை. நுனியை எச்சிலில் நனைத்து, குழந்தைக்குத் துடைப்பதுபோல, மறுபடி துடைக்கத் தொடங்கினான்.