கொத்தமல்லித் தொட்டி

இருபத்தாறு நாட்களாக மாஸ்டருக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. காய்ச்சல் வந்த வேகத்தில் போய்விட்டது. போகும்போது மூக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது, காரம் நாக்கைச் சுட்டது. மற்றபடி வாயில் போட்டதெல்லாம் ஈரத்துணியை மென்றது மாதிரிதான் இருந்தது.

அவர் ஒரு பெரிய உணவகத்தின் தலைமைச் சமையல்காரர். அங்கே மீன் வந்து இறங்கினால் பெட்டியைத் திறந்து, செவுளை விரலால் தூக்கி, முகர்ந்து பார்த்து அவர் தலையாட்ட வேண்டும். ஆட்டினால் உள்ளே போகும். இல்லையென்றால் வந்த வண்டியிலேயே திரும்பும். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் தினமும் அத்தனை பேர் அங்கே சாப்பிட்டார்கள், குழந்தைகளுக்கும் ஊட்டினார்கள். விடுப்பு இன்றோடு முடிகிறது. நாளைக் காலை அவர் போயாக வேண்டும்.

விஷயம் அவருக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரியும். "திரும்ப வரலாம், வராமலும் போகலாம். நாலு விதமான வாசனையை தினம் ரெண்டு வேளை மோந்து பாருங்க. மூக்குக்கு ஞாபகப்படுத்திக்கிட்டே இருக்கணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார் டாக்டர்.

மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் பால் திரிந்ததா, துணி காய்ந்ததா, பக்கத்து வீட்டில் என்ன பொரிகிறது என்று எந்தச் சந்தேகம் வந்தாலும், "அவர் மூக்கைக் கேளு" என்பதுதான் அவள் பேச்சு. அந்த மூக்கு இப்போது வெறும் கண்ணாடி மாட்டும் ஸ்டாண்டு என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் வேலை பார்ப்பதும் கண்ணாடிக் கடையில்தான். கண் பரிசோதித்து, சட்டம் பொருத்தித் தருவாள்.

இரண்டு வாரத்துக்கு முன், டாக்டர் சொன்ன அன்றே சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய் நாலு தொட்டிகள் வாங்கி வந்தார். புதினா, துளசி இனத்துப் பேசில், ஊசியிலை ரோஸ்மேரி, கொத்தமல்லி. "புது ஐட்டம் ஒண்ணு யோசிக்கிறேன். பச்சையா கையில இருந்தாத்தான் கற்பனை ஓடும்" என்று மனைவியிடம் சொன்னார். இத்தனை வருஷத்தில் இலையைக் கண்ணால் பார்த்து வாங்கிய பழக்கமே அவருக்குக் கிடையாது. ஒரு இலையைக் கிள்ளுவார், கசக்குவார், முகர்வார், கூடையில் போடுவார். அன்று கிள்ளி என்ன பயன்? பெயர் ஒட்டாத பிளாஸ்டிக் உறையோடு கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

தினமும் காலையில் ஜன்னலோரம் நின்று கண்ணை மூடி ஒவ்வொரு இலையாகக் கசக்கி, மார்பு வலிக்கும் வரை மூச்சை இழுப்பார். ஒன்றும் இருக்காது. காற்று மட்டும் உள்ளே போய் வெளியே வரும்.

மூக்குதான் இப்படி என்றால் செடிகளும் கைவிரித்தன. பச்சை என்றால் குளிரில் வைக்க வேண்டும் என்பது சமையலறைப் புத்தி. முதல் நாளே பேசில் தொட்டியை வேரோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டார். மறுநாள் எடுத்தபோது இலையெல்லாம் கருத்துத் தொங்கியது.

"பறிச்ச இலையை வைக்கலாம், சரி. உயிரோட இருக்கறதை ஃப்ரிட்ஜில வைக்கறவரை இப்பதான் பாக்குறேன்" என்றாள் மனைவி. "நல்லவேளை, எனக்குக் காய்ச்சல் வரல. என்னையும் உள்ளே வச்சிருப்பீங்க."

புதினாவை மேலிருந்து குழாயடியில் காட்டிக் குளிப்பாட்டினார். அது நாலு நாளில் அழுகத் தொடங்கியது. கொத்தமல்லியில் கீழேயிருந்த பெரிய இலைகளையெல்லாம் பறித்துவிட்டதால், அது நோஞ்சானாக ஒரு பக்கம் சாய்ந்தது. ரோஸ்மேரி மட்டும் அவர் கண்ணில் அதிகம் படாததால் பிழைத்தது.

நாலும் செத்தால் இன்னும் நாலு வாங்கலாம்தான். ஆனால் அவர் மனசு அப்படி நினைக்கவில்லை. இதுகள் பிழைத்தால் மூக்கும் பிழைக்கும் என்று எங்கேயோ ஒரு மூலையில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்.

அவர் படும் பாட்டைப் பார்த்து மனைவி செடிகளைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டாள். தட்டில் தண்ணீர் ஊற்றித் தொட்டியை அதில் உட்கார வைப்பாள். அடியிலிருந்து வேர் உறிஞ்சும் வரை விட்டு, மிச்சத்தைக் கொட்டுவாள். அழுகாத புதினாத் தண்டுகளைக் கண்ணாடி டம்ளரில் போட்டாள். வெள்ளை நூல் மாதிரி வேர் விட்டது. பேசிலைக் கருத்த இடத்துக்குக் கீழே வெட்டிவிட்டு வெயிலில் வைத்தாள். கணுவிலிருந்து இரண்டு துளிர் எட்டிப் பார்த்தது.

வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் காலையில் ஒரு கேள்வி கேட்பாள்.

"கொத்தமல்லி எப்படி இருக்கு இன்னிக்கு?"

"தூக்குது போ. கையைக் கழுவினாக்கூடப் போகல."

"ம்" என்பாள். அவ்வளவுதான். மற்ற மூன்றைப் பற்றி அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

கடைசி விடுமுறை நாளான ஞாயிற்றுக்கிழமை, மனைவியின் தங்கை வந்தாள். தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வாய் அதற்கும் சேர்த்து வேலை செய்யும். வந்தவள் கால் கழுவுவதற்குள் ஜன்னலோரம் போய் நின்றாள்.

"அக்கா, இதை இன்னும் பிரிக்கலையா? கடைக்காரன் தொட்டி நிறைஞ்ச மாதிரி தெரியணும்னு ஒரே தொட்டியில இருபது செடியை நெருக்கி வச்சிருப்பான். எல்லாம் பஸ்ஸில தொங்கறவங்க மாதிரி ஒண்ணை ஒண்ணு இடிச்சே செத்துப் போகும். நாலாப் பிரிச்சு வச்சா மூச்சு விடும்."

தரையில் செய்தித்தாளை விரித்து, செடி சாய்ந்து கிடந்த கொத்தமல்லித் தொட்டியைக் கவிழ்த்து, அடியில் தட்டினாள். மண் கட்டியாக விழுந்தது. பின்னிக் கிடந்த வேரை விரலால் விலக்கினாள். ஒரு இலை கிழிந்தது. கையை மூக்கருகே கொண்டு போனவள் அப்படியே நின்றாள்.

"அத்தான், இதை உங்களுக்கு வித்தவன் எங்கே இருக்கான்?"

"ஏன்?"

"கால்ல விழுந்து கும்பிடணும். பாக்க ஒரே மாதிரி இருக்குன்னு பார்ஸ்லியைக் கொத்தமல்லின்னு உங்க தலையிலேயே கட்டிட்டானே! ஊருக்கே வாசனை சொல்ற மனுஷன் தலையில!"

மாஸ்டரின் காதில் ரத்தம் ஏறுகிற சத்தம் கேட்டது. இலையைப் பார்த்தார். இப்போது தெரிந்தது. நிறம் கொஞ்சம் அடர்த்தி, ஓரம் கொஞ்சம் கூர்மை. தெரிந்து என்ன செய்ய?

"சும்மா சொல்லாதே" என்றார்.

"மோந்து பாருங்க!" அவள் கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஈர மண்ணும் நசுங்கிய பச்சையும் அவர் மூக்கைத் தொட்டன. அவர் இழுத்தார். காற்று போனது. காற்று வந்தது.

சிரித்தார். ஒரு நொடி தாமதமாகத்தான் சிரிப்பு வந்தது.

"எனக்குத் தெரியாதா? நீ கண்டுபிடிக்கறியான்னு பாத்தேன்."

"ரெண்டு வாரமா? போன் பண்ணினா எல்லாரும் கொத்தமல்லி கொத்தமல்லின்னு கொஞ்சறீங்களே! அக்கா, உன் வீட்டுக்காரருக்கு நடிப்பு சுத்தமா வரல."

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அவளுக்கு மூக்கு நன்றாகத்தான் இருந்தது. பார்ஸ்லி எது, கொத்தமல்லி எது என்று தெரியாதவளும் இல்லை. தினமும் அந்தத் தொட்டியைத் தூக்கித் தட்டில் வைத்தவளும் அவள்தான். அவள் குனிந்தபடி நாற்றுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வேரை இழுக்காதேடி. பாத்துப் பிரி. இது முரண்டு பிடிக்கும்" என்றாள் தங்கையிடம். அவ்வளவுதான் அவள் சொன்னது.

தங்கை சாப்பிட்டுவிட்டு, புதினாத் தண்டு இரண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். வீடு அமைதியானது. மிச்சமிருந்த நாற்றுகளைப் புதுத் தொட்டியில் வைக்க இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். அவர் மண்ணை அள்ளிப் போட்டார். அவள் அழுத்தினாள். கதவில் நாளைக்கான வெள்ளைச் சட்டை தேய்த்துத் தொங்கியது.

அவர் ஏற்கெனவே ஒரு வழி யோசித்து வைத்திருந்தார். சளி என்று சொல்லி, மீனைப் பார்க்கும் வேலையை உதவியாளனிடம் தள்ளிவிடலாம். ஒரு வாரம் ஓடும். அப்புறம்? அப்புறத்தை அவர் யோசிக்கவில்லை. உதவியாளன் அவர் தலையாட்டலைப் பார்த்துத் தலையாட்டுகிறவன்.

"முன்னாடி ஒரு டிரைவர் வந்தார் கடைக்கு" என்றாள் மனைவி. "ஸ்கூல் வேன் ஓட்டறவர். கண் நல்லா இருக்குன்னு நாங்க எழுதிக் குடுத்தாத்தான் வேலை."

"ம்."

"கடகடன்னு எல்லா எழுத்தும் சொன்னார். ஒரு தடுமாற்றம் இல்ல. எனக்கு என்னமோ தோணிச்சு. அட்டையை மாத்திப் போட்டேன். மாத்தினதே அவருக்குத் தெரியல. பழைய எழுத்தையே திரும்பவும் கடகடன்னு சொன்னார்."

மாஸ்டரின் கை மண்ணுக்குள் நின்றது.

"மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கார். கெட்ட மனுஷன் இல்ல. பயம்."

"நீ என்ன பண்ணினே?"

"ஒண்ணும் சொல்லல. நானா சொன்னா அவர் முகத்தை எங்கே வச்சுக்குவார்? அவரே சொல்லட்டும்னு உட்கார்ந்திருந்தேன்."

"சொன்னாரா?"

அவள் இளம் நாற்று ஒன்றை நிமிர்த்தி, சுற்றிலும் மண்ணை அணைத்தாள். இத்தனை நாளும் காலையில் கேட்ட அந்த ஒற்றைக் கேள்வி அவருக்கு இப்போதுதான் முழுசாகக் கேட்டது. இது கொத்தமல்லி இல்லை என்று அவர் வாயால் சொல்கிற நாளுக்காக, அந்தத் தொட்டியை அவள் சாகவிடாமல் வைத்திருந்திருக்கிறாள்.

செல்போன் அடித்தது. உணவக முதலாளி. இருவர் கையிலும் மண். அவள் முழங்கை நுனியால் எடுத்து ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள்.

"மாஸ்டர்! அப்பாடா, நாளைக்கு வந்துடுவீங்களே. நீங்க இல்லாம, கெட்டுப்போன மீன் ரெண்டு பெட்டியைத் தெரியாம உள்ளே எடுத்துட்டானுங்க. நல்லவேளை, பரிமாறறதுக்கு முன்னாடி பாத்துட்டோம். நாளைக்கு ஒரு பெரிய பார்ட்டி, பிறந்தநாள், பாதிப் பேர் சின்னப் பசங்க. ஆறு பெட்டி வருது. நீங்க மோந்து பாத்துட்டீங்கன்னா நான் நிம்மதியா இருப்பேன். ஆமா, உடம்பு பூரா சரியாயிடுச்சா?"

ஆயிடுச்சு என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக உட்கார்ந்திருந்தது. ஒரு மாசமாகச் சொல்லிப் பழகிய சொல்.

மனைவி அவரைப் பார்க்கவில்லை. போனையும் பார்க்கவில்லை. மண் படிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"மாஸ்டர்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றார். சொன்னது முதலாளிக்குத்தான், ஆனால் பார்த்தது அவளை.

"எனக்கு வாசனை தெரியலங்க. காய்ச்சல்லேர்ந்து. எதுவுமே தெரியல."