சுறா எண்ணெய் விட்ட மோட்டர்

இன்பாஸின் மூக்குக்கு மாதம் இரண்டு லட்சம் ரூபாய் என்று கொழும்புச் சரீப் ஹாஜியார் விலை வைத்திருந்தார். மூக்கோடு ஒட்டிக்கொண்டு வரும் மிச்ச மனிதருக்கு எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. கேட்டால் மொத்தத்தில் குறைத்துவிடுவார் என்று இன்பாஸும் கேட்கவில்லை.

ஹாஜியார் பெரிய அத்தர் வியாபாரி. போத்தலை ஒருமுறை முகர்ந்தாலே கலப்படத்தைச் சொல்லிவிடும் ஆள் திருகோணமலையில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நேரில் வந்து சோதித்துவிட்டு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். அதற்காக இன்பாஸ் காலையிலிருந்து வெங்காயம் தொடவில்லை. மத்திய வீதியிலிருந்த தன் கடையில், ஒரு பக்கம் அத்தர் அலுமாரியும் மறுபக்கம் ரிமோட் கார், ரிமோட் போட் அடுக்கிய தட்டுகளுமாக, நடுவே கதிரை போட்டு, சோடித்த மாப்பிள்ளை மாதிரி அசையாமல் இருந்தார்.

பகல் சாப்பாட்டு நேரம் சல்லிக் கிராமத்திலிருந்து ரஞ்சன் வந்தான். அவனுக்கு முன்னே ஒரு வாடை வந்து படியேறியது. அலை தாண்டித் தூண்டிலையும் இரையையும் இழுத்துக்கொண்டு போகவென்று இன்பாஸிடம் ரிமோட் போட் வாங்கிய மீன்காரன் அவன்.

"நானா, மோட்டர் சுத்துதில்லை. கேரண்டி எண்டு சொன்னீங்கள்."

சொன்னது உண்மைதான். விற்ற அன்று கடை நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு, ஒரு வருடத்துக்குள் என்ன வந்தாலும் என் கையாலேயே கழற்றித் துடைத்துத் தருவேன் என்று நெஞ்சில் தட்டிச் சொல்லியிருந்தார். இப்போது நாளைக்கு வரச் சொல்லிப் பார்த்தார். ரஞ்சன் நகரவில்லை. கடையில் ரிமோட் காருக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த இருவரிடம் திரும்பி, உங்களுக்கும் இதே கேரண்டிதானா என்று அன்பாக விசாரித்தான். இன்பாஸ் சட்டைக் கையை மடித்தார்.

பற்றரியைக் கழற்றி, அச்சின் கிளிப்பைத் தள்ளி, காந்தம் பதித்த மூடியை இழுத்தார். வரமாட்டேன் என்றது. பிறகு, சளி சீறுகிற சத்தத்தோடு வந்தது. உள்ளே இருந்தது மோட்டர் இல்லை, குடல். செப்புச் சுருளெல்லாம் கபில நிறக் கொழுப்பு. அதில் அழுகிய கணவாய்த் துண்டு நூல் நூலாய்ச் சுற்றியிருந்தது. காந்தத்தில் கடற்கரைக் கறுப்பு மணல் தாடி போல முளைத்து, அந்தத் தாடியிலும் சீழ் வடிந்தது. இன்பாஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இதுக்குள்ள என்னத்த ஊத்தினீங்க தம்பி?"

"சுறா எண்ணெய். எங்கட வள்ளத்துக்கே அதைத்தான் பூசுறது, மரம் உளுக்காது. இது சின்னச் சாமான்தானே, ரெண்டு கரண்டி விட்டனான்."

ஒட்டு டேப்பால் மணலைப் பிடுங்கினார். பிடுங்கப் பிடுங்க வந்தது. ஸ்பிரிட்டில் தோய்த்த பல் பிரஷ்ஷால் சுருளைத் தேய்த்தார். பிரஷ் இல்லாத மோட்டர் என்று விற்றுவிட்டு இப்போது ஏன் பிரஷ் என்று ரஞ்சன் பக்கத்தில் நின்று கேட்டான். பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் பிரஷ்ஷின் மயிர் தெறித்து, ஒரு சொட்டுக் கொழுப்பு நேரே மீசையில் வந்து உட்கார்ந்தது. மூக்குக்கு அடுத்த வீடு. துடைத்தார், பரவியது.

பேரம் பேசிய இருவரும் எப்போதோ போயிருந்தார்கள். அச்சு சுழலும் பெயரிங்கைக் கழுவிக் காயவைத்து, தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி விட்டுப் பூட்டினார். மோட்டர் தும்பி மாதிரி இரைந்து சுழன்றது. ரஞ்சன் மனம் குளிர்ந்து, சைக்கிளிலிருந்து ஒரு பொதியை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனான். சுறாக் கருவாடு.

மூன்று தரம் சவர்க்காரம் போட்டார். மூக்குத் தெளியக் கோப்பித்தூளை முகர்ந்தார், சுறா கோப்பி குடித்த மாதிரி இருந்தது. வேறு சட்டை மாற்றுவதற்குள் ஹாஜியாரின் கார் வந்துவிட்டது.

ஹாஜியார் வாசலில் ஒரு கணம் நின்று, லேஞ்சியை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, மூன்று போத்தல்களை நீட்டினார். முதலாவது சுறா. இரண்டாவதும் சுறா. இன்று ஏலாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இன்பாஸ் பேரத்தில் பிறந்து வளர்ந்தவர். இல்லாத சரக்கையும் இருப்பதாகக் காட்டித்தான் பழக்கம். மூன்றாவதைக் கண்மூடி இழுத்தார்.

"பழைய ஊது அத்தர், ஹாஜியார். கலப்பே இல்ல."

"கலப்பில்லத்தான். வார வழியில கந்தளாயில புடிச்ச பைப்புத் தண்ணி."

அவர் கோபப்படவில்லை. போத்தல்களை எடுத்துக்கொண்டு, கதவைக் கைபடாமல் முழங்கையால் தள்ளித் திறந்து, போய்விட்டார்.

இன்பாஸ் மீசையை மழித்தார். மழித்த இடமும் நாறியது. கடையைச் சாத்திவிட்டு, மனதுக்குள் கணக்கைக் கூட்டினார். வரவு: காப்பாற்றிய சொல் ஒன்று, வீட்டுக்குக் கொண்டுபோக முடியாத கருவாடு ஒரு பொதி. செலவு: சட்டை ஒன்று, மீசை ஒன்று, கொழும்பு வேலை ஒன்று. நிலுவை: ரஞ்சனின் கேரண்டியில் இன்னும் எட்டு மாதம்.